டிக் விழாத வரி

1984

பிப். 12, ஞாயிறு

நல்ல வெயில். துணியெல்லாம் பத்து மணிக்கே காய்ந்துவிட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து இந்த நோட்டை எடுத்தேன். ஆபீஸில் கொடுத்த டைரி. ஜனவரி முழுதும் வெள்ளைத்தாள்.

தமிழில்தான் எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் மேனேஜர் மிஸ்டர் யாப் முதல் டைப்பிஸ்ட் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், மச்சான். அக்கா ஸ்டெல்லாவின் புருஷன், கணக்குப் பிரிவு சவரிமுத்து. அவர் அடுத்தவர் மேசையில் கிடக்கும் பேப்பரைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டார். அவ்வளவு நல்லவர். எனக்கு எரிச்சலாக வரும்.

விஷயம் இதுதான். கம்பெனி ஒரே ஒரு ஆளை இங்கிலாந்துக்கு அனுப்பப் போகிறது. இரண்டு வருஷ பிஸ்னஸ் படிப்பு. திரும்பி வந்தால் தனி அறை, அதிகாரி வேலை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு, ஏப்ரல் 7, கோலாலம்பூரில். ஈப்போ ஆபீஸிலிருந்து இரண்டு பெயர் போயிருக்கிறது. கடிதப் பிரிவில் நான், கணக்குப் பிரிவில் ம. (மச்சான் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கும். இனி ம.)

மிஸ்டர் யாப் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு விளக்கினார். இங்கிலீஷுக்கு அறுபது, கணக்குக்கு அறுபது. எதிலும் முப்பதுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டிலும் முப்பதைத் தாண்டியவர்களில் கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவர் போவார். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை ஆள் கம்பெனிக்கு வேண்டாம் என்றார்.

நேற்று மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தோம்.
நான்: இ 44, க 21.
ம.: இ 19, க 47.

இரண்டு பேரும் நொண்டி. அக்கா கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து மாத வயிறு. "ரெண்டு பேரையும் வெட்டி ஒட்டுனா ஒரு ஆளு தேறும்லா."

அவளே ஏற்பாடும் செய்தாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் குனோங் ராபாட்டில் அவள் வீட்டில் வகுப்பு. ம. எனக்குக் கணக்கு, நான் அவருக்கு இங்கிலீஷ். மத்தியானச் சாப்பாடு அங்கேயே. சரி என்றேன். மீன் குழம்புக்காகவாவது போகலாம்.

பிப். 19, ஞாயிறு

முதல் வகுப்பு. மின்விசிறி கடகடவென்று சத்தம். ம. தலையில் எண்ணெய், காலில் ஜப்பான் சிலிப்பர், சட்டைப் பையில் மூன்று பென்சில்.

கணக்கில் ஒரு விசித்திரமான வகை இருக்கிறது. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல். விடை என்ன என்று கேட்பதில்லை. விடை கண்டுபிடிக்க அந்தத் தகவல் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா. நான் ஒவ்வொன்றுக்கும் விடையையே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கேள்விக்கு ஆறு நிமிஷம்.

"போதுமான்னு மட்டும் பாரு ரோசி. வெடைய எழுதாத. தெரிஞ்சிகிட்டா சரி, எழுதிக் காட்ட வேணாம்."

பிறகு நேரம் பாதியாகக் குறைந்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார், ஒத்துக்கொள்ள வேண்டும். நான் தப்புப் போட்டால் தன் மேல்தான் தப்பு என்பதுபோல் இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

என் முறை. பத்திரிகையில் ஆசிரியருக்கு வந்த கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். கடவுளே. எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வாக்கியமும் பஞ்சர் ஆன சைக்கிள். நான் ஒரு வரியை விளக்கி முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுகிறார். பிறகுதான் அடுத்த வரி. எதற்கு என்று கேட்டேன். கணக்குப் பிரிவில் சரிபார்த்த வரிக்கு டிக் போடுவதுதான் பழக்கமாம், இல்லாவிட்டால் மனசு ஒப்பாதாம்.

மீன் நன்றாக இருந்தது. கெழுத்தி.

மார்ச் 4, ஞாயிறு

இரண்டாம் மாதிரித் தேர்வு.
நான்: இ 42, க 25.
ம.: இ 24, க 47.

என் மாணவர் மூன்று வாரத்தில் ஐந்து மார்க் ஏறியிருக்கிறார். பெருமையாக இருந்தது, மறைப்பானேன். எனக்கு இ இறங்குகிறது. ம. கவலைப்படாதே என்றார். நிறைந்த பக்கத்தைத் தொடாதே, குறைந்த பக்கத்துக்கே எல்லா நேரத்தையும் கொடு, கொஞ்சம் சிந்தினாலும் பரவாயில்லை என்றார்.

வாங்க வேண்டியவை: சோப்பு, தலைவலித் தைலம், அழிரப்பர், அக்காவுக்கு ஆரஞ்சு.

மார்ச் 7, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ். டைப்பிஸ்ட் முகம் கழுவச் சொன்னாள்.

தவக்காலத்தில் விடுபவை:
1. கோப்பி குடிப்பது.
2. சினிமா.
3. ம.வை மனசுக்குள் கேலி செய்வது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாவது போய்விட்டது. யாப் ஏதோ ஜோக் சொன்னார். விளங்காமலேயே ம. எல்லோருக்கும் கடைசியில் சிரித்தார், எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். கோப்பி இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

மார்ச் 11, ஞாயிறு

வானம் மப்பு. வகுப்பின் நடுவில் ம. தன் அம்மா கதையை ஆரம்பித்தார்.

காம்பார் பக்கத்து ரப்பர் எஸ்டேட். நாங்களும் அங்கேதான் இருந்தோம். ஆனால் நாங்கள் கிராணி வீடு, அவர்கள் தொழிலாளர் லயம். என் அப்பா பால் நிறுத்துப் பெயர் எழுதும் கிராணி. அவர் அம்மா மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அளவுக்குப் பால் இருந்தால் முழுப் பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அதனால் நிறுக்கும் இடத்துக்கு வருவதற்கு முன், ஸ்டோருக்குப் பின்னால், வாளி நிறைந்தவள் குறைந்தவளின் வாளியில் கொஞ்சம் ஊற்றிவிடுவாளாம். நாளைக்கு இவளுக்குக் குறைந்தால் அவள் ஊற்றுவாள். யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லையாம்.

"ஒரே ஒரு நாளு உங்கப்பா கண்ணுல மாட்டிகிச்சி எங்கம்மா. ரெண்டு பேருக்கும் அரைப் பேரு போட்டுட்டாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்பா கண்ணில் மாட்டவில்லை. அப்பாவுக்கு நிறுக்கும் இடத்திலிருந்து ஸ்டோரின் பின்பக்கம் தெரியாது. பார்த்தது நான். எனக்கு எட்டு வயது. ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா டின்னிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இதை ம.விடம் சொல்லவில்லை, சொல்வதற்கு என்ன இருக்கிறது.

கதையை முடித்துவிட்டுத் தேர்விலும் அதையேதான் செய்யப் போகிறேன் என்றார். தேர்வு ஆறு பகுதி, ஒவ்வொன்றும் அரை மணி. மூன்று இங்கிலீஷ், மூன்று கணக்கு, மாற்றி மாற்றி வரும். கணக்கை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்சமாகும் பத்து நிமிஷத்தை முந்தின இங்கிலீஷ் பகுதியில் ஊற்றிவிடுவாராம்.

அது முடியாது. ஒரு பகுதியின் நேரத்தில் வேறு பகுதியைத் திறக்கவே கூடாது. விதிப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது, நானே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆபீஸுக்கு வந்தது அந்த ஒரு புத்தகம்தான், என்னிடம் இருக்கிறது. வரும் வாரங்களில் அதையும் அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 18, ஞாயிறு

மூன்றாம் மாதிரித் தேர்வு.
நான்: இ 40, க 29. மொத்தம் 69.
ம.: இ 29, க 48. மொத்தம் 77.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ம.வுக்கு இன்னும் ஒரே ஒரு மார்க் வேண்டும். முப்பது தொட்டுவிட்டால் முடிந்தது. நான் க-வில் முப்பது என்ன, முப்பத்தைந்து எடுத்தாலும் அவரைப் பிடிக்க முடியாது. அவருக்கு இந்த இங்கிலீஷைச் சொல்லிக்கொடுத்தது யார்? நான். அக்கா வீட்டு மீனுக்கு ஆசைப்பட்டு என் இடத்தை நானே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ம. சந்தோஷத்தில் எனக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னார். சாப்பிட்டேன். முள் தொண்டையில் சிக்கியது. அவர்தான் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்.

மார்ச் 21, புதன்

குவாரியில் வெடி வைத்த சத்தம் டவுன் வரை கேட்டது.

டைப்பிஸ்ட் போனில் யாரிடமோ: சாம்தான் போவார், ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆபீஸில் ம.வுக்குச் சாம் என்று பெயர். சவரிமுத்து வாயில் நுழையவில்லையாம்.

எனக்கு இருபத்தேழு வயது. ஏழு வருஷமாக அடுத்தவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். யாப்பின் இங்கிலீஷ் பிழைகளைத் திருத்துவதும் நான், கையெழுத்து அவருடையது. லயத்தில் பிறந்தவர், இங்கிலீஷில் 'தி' எங்கே வரும் என்று தெரியாதவர், இங்கிலாந்து போவார். நான் அவருக்கு விமான டிக்கெட் கடிதம் டைப் அடிப்பேன்.

அக்காவுக்கு ஜூனில் பிரசவம். அந்த நேரத்தில் புருஷன் வெளிநாடு போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தால் அவள் என்ன ஆவாள்? அவளுக்காகவும் யோசிக்க வேண்டும். (இது பொய். ஆனால் நல்ல பொய். வைத்துக்கொள்கிறேன்.)

கோப்பி குடித்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

மழை. விதிப் புத்தகம் எடுத்துப் போனேன்.

வரிவரியாக வாசித்து அர்த்தம் சொன்னேன். ம. ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டார். பென்சில் கொண்டுவருதல், டிக். அடையாள அட்டை, டிக். தப்பான விடைக்குக் கால் மார்க் கழியும், டிக். நான்காம் பக்கத்தின் கடைசி வரி, சிவப்புக் கோடு.

ம. பென்சிலோடு தயாராக இருந்தார். "இது சும்மா, முன்னாடி சொன்னதேதான்" என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.

அவ்வளவுதான். ஒரு நொடி. ம. பென்சிலை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

சாப்பிடும்போது அவரே கேட்டார். கணக்கில் மிச்சமாகும் நேரத்தை இங்கிலீஷில் ஊற்றிக்கொள்ளலாம் இல்லையா என்று. அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "நேரம் உங்களோடது தானே மச்சான்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டு என்னோடு கொண்டுவந்துவிட்டேன்.

ஏப். 1, ஞாயிறு

கடைசி மாதிரித் தேர்வு.
நான்: இ 40, க 32.
ம.: இ 31, க 48.

ம. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இங்கிலீஷில் எனக்கு நன்றி சொன்னார். எழுதி மனப்பாடம் செய்திருப்பார். ஒரு பிழைகூட இல்லை. அக்கா அழுதாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன்.

ஏப். 7, சனி, செந்தூல், கோலாலம்பூர்

சித்தி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணி. ம. வெளியே சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். குரல் கேட்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெரிய ஹால். எண்பது பேர் இருப்பார்கள். ம. எனக்கு இரண்டு வரிசை முன்னால், இடது பக்கம். கண்ணாடி போட்ட ஒரு மலாய் அம்மா மேற்பார்வை. விதிகளைத் தாளிலிருந்து இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தார். ம. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குப் பின்தலை மட்டும் தெரிந்தது. ஆடிக்கொண்டே இருந்தது.

முதல் பகுதி இங்கிலீஷ். இரண்டாவது கணக்கு. ம. சீக்கிரம் முடித்தார். பென்சிலைக் கீழே வைத்தார், விரலைச் சொடுக்கினார், புத்தகத்தைப் பின்பக்கம் திருப்பினார். இங்கிலீஷுக்கு. மறைக்கவில்லை, அவசரப்படவில்லை. அவருக்குத்தான் அது தப்பு என்று தெரியாதே.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் நின்று தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். பார்க்கவே மாட்டார் போலிருந்தது. ம. ஒவ்வொரு விடையாக நிரப்பிக்கொண்டிருந்தார்.

என் பென்சில் முனை உடையவில்லை. நான் உடைத்தேன். மேசை விளிம்பில் அழுத்தினால் போதும்.

கை தூக்கினேன். அந்த அம்மா வேறு பென்சில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ம.வின் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டும்போது நின்றார்.

சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் பேசினார். ம. எழுந்து நின்றார். "ஸாரி மேடம், ஐ டோன்ட் நோ," என்றார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ம. என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. அந்த அம்மா சொல்வதை நான் தமிழில் சொல்வேன் என்று பார்த்தார். ஏழு ஞாயிறு அப்படித்தானே பார்த்தார்.

நான் குனிந்து என் கேள்விக்குப் போனேன். ஒன்பது கேள்வி, ஏழு நிமிஷம். அவரை வெளியே கூட்டிப்போனார்கள். சிலிப்பர் சத்தம் கதவு வரை கேட்டது. பாவி மனிதர், இதற்குமா சிலிப்பர் போட்டு வருவார்.

ஒன்பதையும் முடித்தேன். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

மத்தியானம் வெளியே வந்தால் மரத்தடியில் நிற்கிறார். பிளாஸ்டிக் பையில் கட்டிய கரும்புச் சாறு, எனக்கும் ஒன்று. ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. எப்படிப் போச்சு என்று கேட்டார். என் தேர்வைப் பற்றித்தான்.

ஏப். 8, ஞாயிறு

பஸ்ஸில் ஈப்போ. தாப்பா தாண்டியதும் ம. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ வாசிச்சி சொல்லியிருப்ப. எம் மண்டையிலதான் ஏறல."

சும்மா இருந்திருக்கலாம். அவரே எனக்கும் சேர்த்துப் பழியை எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"சொன்னேன் மச்சான். நாலாம் பக்கம்."

"அப்ப சரி," என்றார். கடலை உரித்துக் கொடுத்தார்.

அக்கா வீட்டு வாசல் வரை போனேன், உள்ளே போகவில்லை. படித்த புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் பையோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இனி எனக்கு எதற்கு. தோள் வலி குறைந்தது.

ஏப். 19, வியாழன், பரிசுத்த வாரம்

பாவசங்கீர்த்தனம். நீண்ட வரிசை. சாமியாரிடம் சொல்லத் துண்டுத்தாளில் எழுதிப் போனேன்.
1. கோப்பி (நான்கு முறை).
2. பூசையில் பராக்கு.
3. புறணி.
4. கோபம்.
ஐந்து என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. சாமியார் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மலிவாகத்தான் முடிந்தது.

ஏப். 22, பாஸ்கா ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் ம. மோட்டார் சைக்கிளில் வந்து கோழிக்கறி கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கார லிம் ஆண்ட்டியிடம் கொடுத்தார், என்னைக் கூப்பிடவில்லை.

ருசியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மே 25, வெள்ளி

வந்துவிட்டது. இ 41, க 36.

யாப் கைகொடுத்தார். இரண்டு காலும் ஒரே அளவு என்றார். பழைய ஜோக், நான் சிரித்தேன். அந்த 36 முழுக்க ம. போட்ட மார்க். தகவல் போதுமா வகையில் ஒன்றுகூடத் தப்பியிருக்காது என்று நினைக்கிறேன்.

ம.வுக்கும் தனிக் கடிதம். தாள் திருத்தப்படவில்லை, ஒரு வருஷம் எழுத முடியாது, காரணம்: முறைகேடு. கடிதத்தின் நகல் கம்பெனிக்கும் வந்திருக்கிறது.

சந்தோஷமாக இருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல?

மே 30, புதன்

யாப் கூப்பிட்டார். கடிதம் எழுத வேண்டும் என்றார். பரீட்சையில் ஏமாற்றியவரிடம் கணக்கு இருக்கக் கூடாது என்று மேலிடம் நினைக்கிறதாம். சாமை ஸ்டோருக்கு மாற்றுகிறார்கள், உரமூட்டை, தளவாடம், கதவுச் சாவி. ஜூன் முதல் தேதியிலிருந்து.

உறவு என்று தெரியும், சங்கடமாக இருந்தால் டைப்பிஸ்டிடம் கொடுத்துவிடலாம் என்றார்.

பரவாயில்லை என்றேன். நானே டைப் அடித்தேன். மூன்று நகல். ஒரு பிழை இல்லை. ஏமாற்றியவர் இல்லை, விதி தெரியாதவர், அது எனக்குத் தெரியும் என்று சொல்ல யாப்பின் மேசை முன்னால் எனக்கு முழுசாக ஐந்து நிமிஷம் இருந்தது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 3, ஞாயிறு

அக்கா இரண்டு பஸ் மாறி, அந்த வயிற்றோடு, என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"வாசிச்சி சொன்னேன்னு அவருகிட்ட சொன்னியாமே."

ஆமாம் என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்ன வயதில் நான் பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றும் ஏது என்று கேட்டுவிட்டு இப்படித்தான் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவரு ஒரு மாசமா டிக்சனரிய வச்சிகிட்டு ஒக்காந்திருக்காரு. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு."

போய்விட்டாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போயிருக்கலாம்.

விதிப் புத்தகத்தோடு பையை அங்கே விட்டுவிட்டு வந்தது என் முட்டாள்தனம். அவருக்கு விளங்காது என்ற திமிர். விளங்கும்படி சொல்லிக்கொடுத்ததும் நானேதான்.

ஜூன் 5, செவ்வாய்

ஸ்டோருக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ம. மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உரப் பொடி தலையெல்லாம் வெள்ளை. சாப்டியா என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாயா என்றும் கேட்டார். அடுத்த வருஷம் மறுபடி எழுதப் போகிறாராம், நான் கிளம்பும் வரை கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஜூன் 10, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை.

பத்தரைக்கு மோட்டார் சத்தம். ம. நனைந்து வந்தார். லிம் ஆண்ட்டியின் ஹால் மேசையில் உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். விதிப் புத்தகம் நனையவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு பென்சில் எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு இருக்குலா," என்றார்.

முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது.

"மொதப் பக்கத்துலேருந்து வாசி ரோசி. ஒரு வரி விடாம."

வாசித்தேன். பென்சில் கொண்டுவருதல். அடையாள அட்டை. கால் மார்க். ஓரத்தில் மார்ச் மாதத்து டிக்குகள், வரிக்கு ஒன்று. நான்காம் பக்கத்தின் அடிக்கு வந்தேன்.

சிவப்புக் கோடு இருந்தது. டிக் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதியிருந்தார். எல்லாம் சரியான அர்த்தம்.

தகவல் ஒன்று, நான் போட்ட கோடு. தகவல் இரண்டு, அவர் போடாத டிக். ஒன்று மட்டும் போதாது. இரண்டு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும்.

நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். லிம் ஆண்ட்டி சமையலறையில் பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்பார், திட்டுவார், அக்காவைப் பற்றியாவது சொல்வார் என்று பார்த்தேன். திட்டிவிட்டால் நானும் திட்டலாம், அழலாம், முடிந்துவிடும். அவர் காத்திருந்தார், அவ்வளவுதான்.

வாசித்தேன். தமிழிலும் சொன்னேன், முழுசாக. ஒரு பகுதிக்குரிய நேரத்தில் வேறு பகுதியைத் திறப்பவர் வெளியேற்றப்படுவார், அவருடைய தாள் திருத்தப்படாது.

ம. பென்சிலை எடுத்தார். அந்த வரிக்கு ஒரு டிக் போட்டார்.

"அடுத்த வரி," என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஆறாம் பக்கம் முடிந்தது. புத்தகம் முப்பத்தாறு பக்கம். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனார். என் விமானம் ஆகஸ்ட் 30. இன்னும் பதினொரு ஞாயிறு.